சப்பை மூக்கு என்று யார் சொன்னது? மூக்கு ஆபரேஷனின் முன்கதை

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க எம்.சி. ரோடு பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். போட்டோ எடுத்த பையன் அதைக் கம்ப்யூட்டரில் போட்டான். முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கினான். அது வழக்கம்தான், எதுவும் சொல்லவில்லை. அப்புறம் மூக்கின் இரண்டு ஓரத்தையும் மவுஸால் பிடித்து உள்பக்கமாக இழுத்தான். மூன்று நொடி வேலை.

"ஏம்பா, மூக்கை என்ன பண்றே?"

"லைட்டா ஷார்ப் பண்றேன்க்கா. எல்லாருக்கும் பண்றதுதான்."

அந்த "எல்லாருக்கும்" எனக்கு வீடு வரைக்கும் கூடவே வந்தது. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, ராயபுரம் என்று இந்தப் பக்கத்து ஆட்கள்தான் அங்கே போட்டோ எடுக்க வருகிறார்கள். அவர்கள் எல்லார் மூக்கும் ஒரே அளவில் தப்பு என்று அந்தப் பையனுக்கு எங்கிருந்து தெரிந்தது? அவன் இழுத்து நிறுத்திய அந்த அளவு யாருடைய மூக்கின் அளவு? திரையில் மூன்று நொடியில் முடிகிற இந்த வேலையை ஒரு சர்ஜன் உயிருள்ள சதையில் செய்ய வேண்டுமென்றால் என்ன ஆகும்? கடைசிக் கேள்வி எங்கள் வீட்டுக்கும் வந்த கேள்விதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் மூக்கைத் தொட்டுப் பாருங்கள். கண்ணாடி உட்காரும் இடம் கெட்டியாக இருக்கும். மேலே உள்ள அந்த மூன்றில் ஒரு பங்குதான் எலும்பு. அதற்குக் கீழே எல்லாம் குருத்தெலும்பு, காதில் இருக்கிறதே அது மாதிரி. உள்ளே இரண்டு துவாரத்தையும் பிரிக்கும் நடுத்தடுப்பிலும் முன்பக்கம் குருத்தெலும்புதான். நுனியில் இரண்டு சின்ன வில் மாதிரி குருத்தெலும்புகள் வளைந்து நின்று நுனியைத் தூக்கிப் பிடிக்கின்றன. மூக்குத்தி போடும் மடல் பகுதியில் பெரும்பாலும் வெறும் சதையும் தோலும்தான். இத்தனைக்கும் மேலே ஒரு போர்வையாகத் தோல்.

அந்தப் போர்வையில்தான் விஷயமே இருக்கிறது. காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாக்கள் வெயிலுக்கு நாலு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டியிருப்பார்கள். அதே கம்பில் ஒரு பழைய பருத்திச் சேலையைக் கட்டினால் கம்பு முனை துணிக்கு மேலே குத்திக்கொண்டு தெரியும். தார்ப்பாயைக் கட்டினால் முனை தெரியாது. மேடு பள்ளம் எல்லாம் மழுங்கி ஒரே சரிவாக இருக்கும். கம்பைக் குட்டையாக்கினால் சேலைத் துணி அதற்கேற்றபடி இறங்கிக்கொள்ளும். தார்ப்பாய் இறங்காது, நடுவில் தொய்ந்து தொங்கும்.

மூக்குத் தோலும் இப்படித்தான். வட ஐரோப்பியர்களில் பலருக்கு அது சேலைத் துணி. நம்மில் பலருக்கு, குறிப்பாக நுனியில், தார்ப்பாய்: தடிப்பு அதிகம், எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம். அதனால் ஐரோப்பிய மூக்குக்கென்று எழுதிய முறையில் எலும்பைச் சீவி, குருத்தெலும்பை வெட்டி மூக்கைச் சின்னதாக்கினால் நமக்குச் சின்ன மூக்கு கிடைப்பதில்லை. உள்ளே சட்டகம் குறைந்துவிடும், மேலே தோல் குறையாது. நுனிக்கு மேலே ஒரு மொத்தை உண்டாகி மூக்கு கிளியின் அலகு மாதிரி வளைந்து தெரியும். சர்ஜன்களே அதற்குக் கிளி அலகு என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். தடித்த தோலுள்ள மூக்கில் நுனி எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் வழி நேர் எதிர்ப்பக்கம் போகிறது. எதையும் பெரிதாக வெட்டி எடுக்காமல், உள்ளே உறுதியான கம்பு நட வேண்டும்.

இதை ஒரு மருத்துவர் எனக்குச் சொன்ன நாளில்தான் ஸ்டுடியோ பையனின் மவுஸ் எவ்வளவு பெரிய பொய் என்று புரிந்தது. திரையில் எல்லா மூக்கும் ஒரே ரப்பர்.

மூக்கு ஏன் இப்படி ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதற்கும் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. நுரையீரலுக்குப் போகும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கித் தருவது மூக்கின் வேலை. குளிர்ந்து வறண்ட ஊரில் குறுகிய துவாரம் அதற்கு உதவும். வெக்கையும் புழுக்கமும் உள்ள ஊரில் அந்தத் தேவை குறைவு. 2017ல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு தெற்காசியர், மேற்கு ஆப்பிரிக்கர், கிழக்காசியர், வட ஐரோப்பியர் என்று நான்கு வம்சாவளியினரின் மூக்கை முப்பரிமாணப் படத்தில் அளந்தது. மூக்குத் துவாரத்தின் அகலம், முன்னோர் வாழ்ந்த இடத்தின் வெப்பத்தோடும் காற்றின் ஈரத்தோடும் ஒத்துப்போகிறது என்று கண்டது. அதற்கு முந்தைய வருடம் வந்த இன்னோர் ஆய்வு துவார அகலத்தோடும் நுனியின் கூர்மையோடும் தொடர்புள்ள சில மரபணுக்களை அடையாளம் காட்டியது. அகன்ற மூக்கு என்பது வெயில் ஊரில் பல ஆயிரம் வருடம் மூச்சு விட்ட பாட்டன் பூட்டன் நமக்கு விட்டுப்போன சொத்து. குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது மூக்கை இரண்டு விரலால் நீவி விடுவார்களே, அதில் அந்தச் சொத்து மாறுவதில்லை. என் பாட்டி எங்கள் வீட்டில் ஏழு பிள்ளைகளின் மூக்கையும் நீவியவர். ஏழும் தாத்தா மூக்குதான்.

சரி, அகன்ற மூக்கைக் குறையாகப் பார்க்க நாம் எப்போது கற்றுக்கொண்டோம்?

பழைய தமிழ்க் கவிதையில் பெண்ணின் மூக்குக்கு உவமை குமிழம்பூ, இல்லையென்றால் எள்ளுப்பூ. இரண்டு பூவையும் நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டும் ஊசி மாதிரி கூராக இருக்காது. உப்பி, வளைந்து, வாய் அகன்று இருக்கும். அது ஒரு அழகென்று பார்த்த கண் நம்மிடம் இருந்திருக்கிறது.

அளவுகோல் பின்னால் வந்தது. மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மூக்குக் குறியீடு. 70க்குக் கீழே என்றால் குறுகிய மூக்கு, 85க்கு மேலே என்றால் அகன்ற மூக்கு, நடுவில் இருந்தால் நடுத்தரம். கணக்கு என்ற அளவில் அதில் குற்றமில்லை. ஆனால் வங்காளத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற ஆங்கில அதிகாரி 1891ல் அதை வைத்து ஒரு விதியே எழுதினார். மூக்கு எவ்வளவு அகலமோ சமூகத்தில் அந்தச் சாதியின் இடம் அவ்வளவு கீழே என்றார். சென்னையில் அதே அளவுகோலைக் கையில் எடுத்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் அவர். தென்னிந்தியா முழுக்கச் சுற்றி ஆட்களை நிறுத்தி மண்டையையும் மூக்கையும் அளந்தார். 1909ல் அவரும் அவருடைய உதவியாளர் ரங்காச்சாரியும் ஏழு தொகுதிகளாகக் கொண்டுவந்த சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் அந்த மூக்கு அளவுகள் அட்டவணை அட்டவணையாக இருக்கின்றன. எழும்பூரிலிருந்து என் வீட்டுக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. எங்கள் மாதிரி மூக்குள்ளவர்களை இரும்புக் கவையில் பிடித்து எண்ணாக்கி, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மேல், கீழ் என்று எழுதிய வேலை இவ்வளவு பக்கத்தில் நடந்திருக்கிறது என்பது படிக்கும்போது உடம்பைக் கூசச் செய்தது.

அந்த விதி நிற்கவில்லை. 1930களில் ஜி.எஸ். குர்யே என்ற சமூகவியல் அறிஞர் அதே அளவுகளை மாகாணம் மாகாணமாகப் பிரித்துப் பார்த்தார். சாதி அடுக்கும் மூக்கின் அகலமும் ஒன்றாக ஏறி இறங்கும் என்ற கணக்கு நாடு முழுக்கப் பொருந்தவில்லை. 1948ல் அம்பேத்கர், தீண்டாமையின் தோற்றம் பற்றி எழுதிய நூலில், இந்த மூக்கு எண்களையே எடுத்துவைத்து, பிராமணரும் தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்டவரும் வேறு வேறு இனம் என்ற கதையை உடைத்தார். எண்ணைக் கொண்டுவந்தவர்களின் வாதம் அதே எண்ணால் விழுந்தது. ஆனாலும் பெண் பார்க்க வந்த வீட்டில் "மூக்கு மட்டும் கொஞ்சம் சப்பை" என்று இன்றைக்கும் ஒரு குரல் சொல்கிறதே, அதில் ரிஸ்லியின் அட்டவணை கொஞ்சம் ஒட்டியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

அதே காலத்தில் மேற்கே சர்ஜன்கள் கத்தியை எடுத்திருந்தார்கள். 1887ல் அமெரிக்காவில் ஜான் ரோ என்பவர் குட்டையான, மேலே தூக்கிய மூக்கைத் திருத்தும் ஆபரேஷனைப் பற்றி எழுதினார். அப்படிப்பட்ட மூக்கை அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்களோடு சேர்த்துக் கேலி பேசிய ஊர் அது. 1892ல் நியூயார்க்கில் ராபர்ட் வீர் மூக்கு மடலின் அடியில் சதையை வெட்டி அகலத்தைக் குறைக்கும் முறையைச் சொன்னார். மடலைக் குறைக்கும் வெட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான். 1898ல் பெர்லினில் ஜாக் ஜோசப், பெரிய மூக்கால் நாலு பேர் நடுவில் போகவே கூசிய ஒருவருக்கு மூக்கைச் சின்னதாக்கினார். ஜோசப் யூதர். அவரிடம் வந்தவர்களில் பலரும் யூதர்கள். ஓர் ஊரில் மூக்கு குட்டை என்று சிரித்தார்கள், இன்னோர் ஊரில் நீளம் என்று சிரித்தார்கள். வந்தவர்கள் கேட்டது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: தெருவில் என்னை யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களைத் திரும்பிப் பார்த்த தெருவைத்தான் குறை சொல்வேன்.

இதற்கெல்லாம் பல நூறு வருடம் முந்தியே மூக்கு செய்யத் தெரிந்த கை நம் நாட்டில் இருந்தது. போன மூக்கைக் கன்னத்துத் தோலால் திரும்ப உண்டாக்கும் முறையை சுஸ்ருதர் சொல்லியிருக்கிறார். தண்டனை என்றாலும் பழி என்றாலும் மூக்கை அறுத்த நாடு இது. திருமலை நாயக்கர் காலத்து மூக்கறுப்புப் போரை நம் ஊரில் கேள்விப்படாதவர் குறைவு. அறுத்த கைகள் இருந்ததால் ஒட்டும் கைகளும் இருந்தன. 1792ல் நடந்த மைசூர்ப் போரில் ஆங்கிலப் படையின் மாட்டு வண்டிக்காரர் கவாஸ்ஜி திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, புனே அருகில், செங்கல் சுடும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு மூக்கு செய்தார். மெழுகுத் தகட்டில் மூக்கை வடித்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டு, அந்த அளவுக்குத் தோலை அறுத்து, புருவ நடுவில் மட்டும் ஒட்டு விட்டுக் கீழே திருப்பித் தைத்தார். லண்டனில் 1794 அக்டோபரில் ஒரு பத்திரிகை படத்தோடு இதை வெளியிட்டது. அதைப் படித்த கார்ப்யூ என்ற சர்ஜன் 1814ல் லண்டனில் அதைச் செய்து காட்டினார். இன்றும் புற்றுநோயில் மூக்கு இழந்தவர்களுக்கு நெற்றித் தோலைத் திருப்பும் முறை கைகொடுக்கிறது. செய்தவர் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. அளவெடுத்தவர்களின் பெயர் மட்டும் அட்டையில் இருக்கிறது.

இப்போது "எத்னிக் ரைனோபிளாஸ்டி" என்ற பேருக்கு வருவோம். தனியார் கிளினிக் விளம்பரங்களில் பார்க்கலாம். ஐரோப்பிய வம்சாவளி அல்லாதவர்களுக்குச் செய்யும் மூக்கு சீரமைப்பு என்று அர்த்தம். இந்தப் பேரில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வெள்ளைக்காரருக்குச் செய்தால் வெறும் மூக்கு ஆபரேஷன், மற்றவருக்கு மட்டும் முன்னால் ஓர் அடைமொழி. பாடப் புத்தகம் எந்த முகத்தை நடுவில் வைத்து எழுதப்பட்டது என்று இதிலேயே தெரிந்துவிடுகிறது. முகத்தை நெடுக்கில் ஐந்து சம பாகமாகப் பிரித்தால் மூக்கு நடுப் பாகத்துக்குள் அடங்க வேண்டும், இரண்டு கண்ணுக்கு நடுவே எவ்வளவு இடமோ அவ்வளவுதான் மூக்கின் அகலம் என்ற விதிகள் ஐரோப்பியச் சிற்பிகளும் ஓவியர்களும் வைத்தவை. டொராண்டோவில் லெஸ்லி ஃபர்காஸ் என்ற மருத்துவர் பல வருடம் நிஜ முகங்களை அளந்து பார்த்தார். அந்த விதிகள் வெள்ளைக்காரர்களிடமே பாதிக்கு மேல் பொருந்தவில்லை. பல நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2005ல் அவர் வெளியிட்ட அளவுகளில் ஆசிய, ஆப்பிரிக்க முகங்கள் அதிகம் விலகி நின்றது மூக்கின் அகலத்தில்தான். அதற்குப் பிறகு பொறுப்பான சர்ஜன்கள், அவரவர் முகத்துக்கு எது பொருந்தும் என்பதிலிருந்து திட்டம் போடுகிறார்கள். அந்த வகையில் "எத்னிக்" என்ற பேச்சு ஒரு நல்ல திருப்பத்தையும் கொண்டுவந்தது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் இனத்தை வைத்தும் மூக்கை முடிவு செய்ய முடியாது. வடசென்னையில் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினால் போதும். பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் தலைமுறையாக இருக்கும் ஆங்கிலோ இந்தியர், 1960களில் பர்மாவை விட்டு வந்து வியாசர்பாடியில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள், சௌகார்பேட்டை மார்வாடிக் குடும்பங்கள், மண்ணடி ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகள், தெலுங்கு பேசும் வீடுகள், காசிமேட்டு மீனவர்கள், இப்போது ஓட்டல் வேலைக்கும் சலூன் வேலைக்கும் வந்திருக்கும் வடகிழக்குப் பிள்ளைகள். எங்கள் தெருவில் அத்தோ கடை போடும் அண்ணனுக்கு அம்மா வழி பர்மா, அப்பா வழி ராமநாதபுரம். அவர் மூக்கு எந்த அட்டவணையில் வரும்? ஒரே வீட்டில் அண்ணனுக்குச் சேலைத் தோல், தங்கைக்குத் தார்ப்பாய்த் தோல் இருக்கும். கைதேர்ந்த சர்ஜன் பூர்வீகம் கேட்கலாம், ஆனால் விரலால் நுனியை அழுத்திப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.

அழுத்திப் பார்ப்பது எதற்கு? நுனி எவ்வளவு திடமாகத் திரும்பி எழுகிறது என்று பார்க்க. நம்மில் நிறைய பேருக்குக் குருத்தெலும்பு மெலிசு, விரல் அழுத்தினால் அப்படியே அமுங்கும். கம்பு போதாது என்று அர்த்தம். புதுக் கம்பாக வைக்கும் குருத்தெலும்பை எடுக்க மூன்று இடம் உண்டு. முதலில் மூக்கின் நடுத்தடுப்பே. நேரான, நல்ல சரக்கு. ஆனால் மேலேயும் முன்னாலேயும் எல் வடிவத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலமாவது விட்டுவைத்துத்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் மூக்கே உட்கார்ந்துவிடும். தடுப்பு சிறியதாக உள்ளவர்களுக்கு, கிழக்காசிய முகங்களில் இது அதிகம், அதில் போதுமான அளவு கிடைக்காது. அடுத்தது காது. காதின் கிண்ணப் பகுதியிலிருந்து எடுத்தால் காதின் உருவம் மாறாது, தழும்பும் மறைவாக இருக்கும். ஆனால் அது வளைந்தது, மிருது. நிறைய வேண்டுமென்றால் விலா. உறுதியானது, தாராளமாகக் கிடைக்கும். மார்பில் ஒரு தழும்பு வரும், சில நாள் இருமினால் வலிக்கும், வைத்த பிறகு முறுக்கிக்கொள்ளவும் செய்யும். வயது ஏற ஏற விலாக் குருத்து எலும்பாகவே இறுகுவதால் நடுவயதில் அது கைகொடுக்காமல் போகலாம்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று சிலிகான் துண்டை வைப்பவர்களும் உண்டு. கொரியா, தாய்லாந்து பக்கம் அது சகஜம். ஆபரேஷன் சுலபம், செலவு குறைவு. ஆனால் உடம்புக்கு அது அந்நியப் பொருள். பல வருடம் கழித்துக்கூட நகரலாம், சீழ் வைக்கலாம், நுனித் தோலை மெலிசாக்கி வெளியே தலைகாட்டலாம். என் வீட்டுப் பெண் கேட்டால் சொந்தக் குருத்தெலும்புதான் வைத்துக்கொள் என்பேன்.

மடலின் அகலத்தைக் குறைப்பது தனி வேலை. மடல் கன்னத்தோடு சேரும் மடிப்பில் பிறை மாதிரி ஒரு சின்னத் துண்டை வெட்டித் தைப்பார்கள். மில்லிமீட்டர் கணக்கு. ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனால் துவாரம் சுருங்கிவிடும், மூச்சு போகும், வெட்டிய சதையைத் திரும்ப வைக்க நல்ல வழி கிடையாது. அதனால் நிதானமான கை குறைவாக வெட்டும். இங்கே நம் பெண்கள் அவசியம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மூக்குத்தி குத்திய இடத்திலோ காதிலோ தழும்பு தடித்து உருண்டையாக வளர்ந்த அனுபவம் இருந்தால் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கறுத்த, மாநிறத் தோலில் அப்படி வளர வாய்ப்பு கூடுதல். மூக்கில் போடும் வெட்டு பெரும்பாலும் அழகாகவே ஆறும், ஆனாலும் சர்ஜனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூக்கின் உள்ளே காற்று போகும் வழியில் மிகக் குறுகலான இடம் மேல் குருத்தெலும்பும் நடுத்தடுப்பும் சேரும் மூலை. மேட்டைச் சீவுகிறேன் என்று அந்த மூலையைத் தளர்த்திவிட்டால், மூச்சை இழுக்கும்போது பக்கச் சுவர் உள்ளே ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் அழகாகத் தெரிந்தும் ராத்திரி வாயால் மூச்சு விட்டுப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். திரும்ப ஆபரேஷன் செய்துகொள்பவர்கள் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் என்று மருத்துவ நூல்கள் பொதுவாகச் சொல்கின்றன. இரண்டாவது தடவை முதல் தடவையைவிடக் கஷ்டம், ஏனென்றால் உள்ளே எல்லாம் தழும்பு, தடுப்பிலிருந்து எடுக்க வேண்டிய சரக்கும் ஏற்கெனவே தீர்ந்திருக்கும்.

கத்தியே இல்லாமல் ஊசியில் மூக்கைத் தூக்குகிறோம் என்ற விளம்பரம் இப்போது இன்ஸ்டாகிராமில் அதிகம். ஃபில்லர் என்பார்கள். மூக்குத்தண்டின் மேல் ஓடும் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு சேர்ந்திருப்பவை. ஊசி மருந்து குழாய்க்குள் போய்விட்டால் தோல் கறுத்து அழுகலாம், கண்பார்வை நிரந்தரமாகப் போகலாம். அந்த நிமிடமே மருந்தைக் கரைக்கத் தெரிந்த மருத்துவர் பக்கத்தில் இல்லாத பார்லரில் இதைப் போட்டுக்கொள்ளவே கூடாது. விலை குறைவு என்று நம்பி என் தெருவிலிருந்து ஒரு பிள்ளைகூடப் போகக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பத்தி.

மூக்கு ஆபரேஷன் என்றதும் அழகு நினைவுக்கு வருகிறது. எங்கள் பக்கத்தில் மூக்கு உடைவதற்கு வேறு காரணங்கள் நிறைய. இது குத்துச்சண்டை ஊர். அப்புறம் எண்ணூர், மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டும் ஊர். ஒரு விஷயத்தை இங்கே உள்ள ஒவ்வொரு பயிற்சிக் கூடத்திலும் எழுதி ஒட்ட வேண்டும். மூக்கில் அடிபட்ட பிறகு உள்ளே இரண்டு பக்கமும் அடைத்து, நடுத்தடுப்பு சிவந்து உப்பி மெத்தென்று இருந்தால் அங்கே ரத்தம் கட்டியிருக்கிறது. குருத்தெலும்புக்குச் சொந்த ரத்தக் குழாய் இல்லை, மேலே ஒட்டிய சவ்விலிருந்துதான் அது பிழைக்கிறது. கட்டிய ரத்தம் அந்தச் சவ்வைப் பிரித்துவிடும். இரண்டு மூன்று நாளுக்குள் குருத்தெலும்பு செத்துவிடும், சீழ் பிடிக்கும், மூக்குத்தண்டு குதிரைச் சேணம் மாதிரி குழிந்துவிடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் கீறி ரத்தத்தை எடுத்துவிடுவார்கள், சின்ன வேலை. எலும்பு விலகியிருந்தால் பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள், குழந்தைகளுக்கு ஒரு வாரத்துக்குள் நேர் செய்துவிட வேண்டும். அதற்கு மேல் கோணலாகவே கூடிவிடும், பிறகு உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் ஓட எங்களுக்கு ஸ்டான்லி இருக்கிறது. பழைய ஆட்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782ல் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம். மிஷினில் மாட்டித் துண்டான கையை ஒட்டுவதற்குப் பெயர்போன அதன் கை அறுவை, பிளாஸ்டிக் சர்ஜரித் துறையை வளர்த்தெடுத்தவர் டாக்டர் ஆர். வெங்கடசாமி. பிளாஸ்டிக் சர்ஜரி பணக்காரர் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் அந்த வார்டை ஒரு நாள் பார்க்க வேண்டும். சட்டமும் ஒரு கோடு போட்டிருக்கிறது. அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் இவற்றைச் சரிசெய்வதற்குக் கிடையாது. பிளவு உதட்டோடு பிறந்த குழந்தையின் மூக்கும் விபத்தில் போன மூக்கும் இந்த இரண்டாவது பக்கத்தில் வரும்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் சித்தி பெண்ணுக்குப் பத்து வயதில் மாடிப் படியில் விழுந்து மூக்கில் அடி. அப்போது வீக்கம் வடிந்ததும் விட்டுவிட்டோம். வளர வளர ஒரு பக்கம் மூச்சு அடைத்தது, தண்டும் நடுவில் இறங்கியது. இருபத்தாறு வயதில் தன் சம்பாத்தியத்தில் சரிசெய்துகொள்ள நினைத்தாள். கூடப் போனேன். முதலில் போன கிளினிக்கில் அவள் போட்டோவைத் திரையில் போட்டு, ஸ்டுடியோ பையன் செய்த அதே இழுப்பை இழுத்தார்கள். நுனி தூக்கி, தண்டு ஒல்லியாகி, முகம் ஏதோ சீரியல் நடிகை மாதிரி ஆனது. மூச்சு விட முடிகிறதா என்று யாரும் கேட்கவில்லை. அவள் கொண்டுபோன செல்ஃபிகளைப் பார்த்தே திட்டம் போட்டார்கள். ஓரடி தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கின் அகலம் ஐந்தடி தூரத்தில் எடுத்த படத்தைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்று 2018ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பெரிதாய்க் காட்டும் கண்ணாடியில் பார்த்து மூக்கைக் குறைக்கிற மாதிரிதான் அது.

இரண்டாவது பார்த்த டாக்டரம்மா திரையைத் திறக்கவே இல்லை. நுனியை அழுத்தினார். ஒரு துவாரத்தை மூடி மறு துவாரத்தில் மூச்சு இழுக்கச் சொன்னார். உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். மூக்குத்தித் துளையைத் தடவி, "குத்தினப்போ சதை வளர்ந்துச்சாம்மா?" என்று கேட்டார். அப்புறம், "உங்க வீட்டுல யார் மூக்கு உனக்குப் பிடிக்கும்?" என்றார். எனக்கு அந்தக் கேள்வி புதிதாக இருந்தது. இவள் யோசித்து, "அம்மாவோடது" என்றாள். சித்தியின் மூக்கும் அகலம்தான். தண்டு மட்டும் நேராக, சாய்வாக இறங்கும். அந்தப் படத்தை அடுத்த முறை கொண்டுவரச் சொன்னார். நடுத்தடுப்பை நிமிர்த்தி, அதிலேயே கிடைத்த துண்டை வைத்துத் தண்டின் பள்ளத்தை நிரப்பினார்கள். மடலில் கை வைக்கவில்லை.

ஒரு வாரத்தில் மேல்கட்டைப் பிரித்தார்கள். முகமெல்லாம் வீங்கிக் கண்ணடியில் கறுத்திருந்தது. கண்ணாடி பார்த்து அழுதாள். தடித்த தோலில் வீக்கம் வடிய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். இப்போது எட்டு மாதம். காலையில் எழுந்ததும் நுனி இன்னும் கொஞ்சம் உப்பித்தான் இருக்கிறது, மத்தியானத்துக்குள் இறங்கிவிடுகிறது. சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டு, "என்னவோ மாறியிருக்கே, மெலிஞ்சிட்டியா?" என்கிறார்கள். ராத்திரி வாயை மூடித் தூங்குகிறாள்.